கான்ஃபெடரேட் நூறு டாலர் நோட்டு: பின்புறத்தைப் படித்துச் சேகரிக்கும் முறை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கான்ஃபெடரேட் என்ற பெயரில் பிரிந்து நின்ற தென் மாநிலங்கள் 1861 முதல் 1865 வரை அச்சிட்ட பணத்தைப் பெரும்பாலோர் முன்பக்கப் படத்தை வைத்தே சேகரிக்கிறார்கள். குரோவர் கிறிஸ்வெல் வகுத்த டி-எண் வரிசையில் 72 வகைகள் உண்டு. வகைக்கு ஒன்று வாங்கி ஆல்பத்தை நிரப்புவதுதான் வழக்கம். ஆனால் அந்த வரிசையின் முதல் நான்கு, அலபாமாவின் மான்ட்கோமரி நகரிலிருந்து வெளிவந்தவை. அவற்றில் ஆயிரம் டாலர், ஐந்நூறு டாலர் நோட்டுகள் தலா 607 மட்டுமே வெளியாயின. கோடீஸ்வரர் அல்லாதவரின் ஆல்பம் அங்கேயே ஓட்டையாகிவிடும்.

அதிகம் பணம் கேட்காத, ஆனால் அதிகம் படிக்கச் சொல்லும் இன்னொரு வழி, நோட்டைத் திருப்பிப் பார்ப்பது. 1862-இல் வந்த வட்டி தரும் நூறு டாலர் நோட்டுகளின் பின்புறம் அச்சில்லாத வெற்றுத்தாள். அதில்தான் கருவூலக் கிளைகள் முத்திரை குத்தின, ராணுவத்தின் சப்ளை அதிகாரிகள் தேதியும் பெயரும் எழுதினார்கள், வட்டி கொடுத்தவர்கள் கொடுத்ததைப் பதிந்தார்கள். ஒரே வகை நோட்டு பத்து வைத்திருந்தால் பத்துக்கும் பத்து வெவ்வேறு பயணம் இருக்கும். இந்தத் துறையில் இன்னும் பதிவாகாத முத்திரைகளும் அடையாளம் தெரியாத கையெழுத்துகளும் வந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகச் சேருகிறவரும் உண்மையான பங்களிப்பு செய்ய இடமிருக்கிறது.

எந்த நோட்டுகளில் தேடுவது

மூன்று வகைகள் போதும்: டி-39, டி-40, டி-41. மூன்றும் 1862 ஏப்ரல் 17-ஆம் தேதிச் சட்டத்தின் கீழ் வந்தவை, மூன்றும் நூறு டாலர்.

டி-39-இல் நடுவே ரயில், இடப்பக்கம் பால்காரப் பெண். கான்ஃபெடரேட் தலைநகர் ரிச்மண்டின் ஹோயர் அண்ட் லுட்விக் அச்சகத்தின் கல்லச்சு. முன்பக்கத் தேதி 1862 மே 5 முதல் 9-க்குள் இருக்கும். டி-40-உம் அதே ரயில், அதே பெண், அச்சிட்டது ஜே.டி. பேட்டர்சன். இரண்டையும் பிரிப்பது என்ஜின் கொதிகலனின் நீராவி: டி-39-இல் அது நேராக ஓடும், டி-40-இல் கலைந்து பரவும். பலர் இதை அவசரத்தில் மாற்றிச் சொல்கிறார்கள். விற்பவர் எழுதியதை நம்பாமல் லென்ஸ் வைத்து நீராவியைப் பாருங்கள்.

டி-41 வேறு தோற்றம். தென் கரோலினாவின் கொலம்பியாவில் கீட்டிங் அண்ட் பால் அச்சிட்டது. இடப்பக்கம் தென் கரோலினா அரசியல்வாதி ஜான் சி. கால்ஹூன் முகம், எழுத்தின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் நூறைக் குறிக்கும் சொல், நடுவே பருத்திக் காட்டில் கொத்திக்கொண்டிருக்கும் அடிமைகள். முன்பக்கத் தேதிகள் 1862 ஆகஸ்ட் இறுதியிலிருந்து 1863 ஜனவரி தொடக்கம் வரை. தொடங்குகிறவர் டி-41-இல் தொடங்கலாம். எளிதில் கிடைக்கும், பின்புறக் குறிகளின் வகையும் அதில்தான் அதிகம்.

இவற்றைத் தவிர வேறொரு முத்திரைத் தொடரும் உண்டு. 1863 மார்ச் 23-ஆம் தேதிச் சட்டப்படி வந்த 5 டாலர் முதல் 100 டாலர் வரையிலான நோட்டுகளில் (டி-56 முதல் டி-60) வெளியான மாதமும் ஆண்டும் முன்பக்கத்தில் முத்திரையாக இருக்கும். காரணம் நேரடியானது: மாதத்தின் முதல் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் கொண்டுவந்தால் அந்த நோட்டுக்கு ஈடாக 6 சதவீதப் பத்திரம் வாங்கலாம். மாதம் தெரியாமல் கெடு தெரியாது. ஒரே மதிப்பில், உதாரணத்துக்கு 10 டாலர் டி-59-இல், 1863 ஏப்ரல் தொடங்கி மாதம் மாதமாக அடுக்குவது குறைந்த செலவில் முடியும் அழகான தொகுப்பு. ஆனால் அதில் துப்பறியும் வேலை குறைவு. ஆகவே மற்றதெல்லாம் நூறு டாலர் வட்டி நோட்டைப் பற்றியே.

ஏன் எழுதினார்கள்

முன்பக்கத்தில் வாக்குறுதி இப்படி: அமெரிக்காவுடன் சமாதான உடன்படிக்கை உறுதியாகி ஆறு மாதத்துக்குப் பின் நூறு டாலர் தரப்படும், அதுவரை நாளொன்றுக்கு இரண்டு சென்ட் வட்டி. 365 நாளுக்கு 7 டாலர் 30 சென்ட். அதனால்தான் இவற்றை ஏழு-முப்பது நோட்டுகள் என்பார்கள்.

வட்டி எந்த நாளிலிருந்து? நோட்டில் கையால் எழுதிய தேதி, அது கருவூலத்தில் தயாரான தேதி. அதன்பின் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்திருக்கலாம். கருவூலத்தின் கையை விட்டுப் பொதுமக்கள் கைக்குப் போன நாளிலிருந்துதான் வட்டி ஓட வேண்டும். ஆகவே கொடுத்தவர் அந்த நாளைப் பின்புறம் பதிய வேண்டியிருந்தது. தபால் அலுவலகத்தில் தேதி முத்திரை குத்துவது போல ஒரு கிளையில் முத்திரை இருந்தால் குத்தினார்கள். போர்முனைக்கு அருகே கூடாரத்தில் பணம் பட்டுவாடா செய்த அதிகாரியிடம் முத்திரை இல்லை. பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டார். இந்த ஒரு காரணத்தை மனதில் வைத்தால் பின்புறத்தில் இருப்பதில் பாதி தானாக விளங்கிவிடும்.

1864 பிப்ரவரி 17-இல் வந்த பணச் சீர்திருத்தச் சட்டம் இந்த நோட்டுகளை அரசுக்குச் செலுத்தும் பணமாக ஏற்பதை நிறுத்தி, பத்திரங்களாகக் கருதியது. வட்டி ஆண்டுதோறும் ஜனவரி 1-இல். பின்புறத்தில் 1863, 1864, 1865 ஜனவரி 1 வரை வட்டி செலுத்தியதாக வரும் முத்திரைகள் இந்த ஆண்டுக் கணக்கின் தடம்.

பின்புறத்தில் இருப்பவை

முதல் வகை, வெளியீட்டு முத்திரை. டெபாசிட்டரி எனப்பட்ட கருவூல முகவர்களின் அலுவலகங்கள் குத்தியவை. ஊர், தேதி, சிலவற்றில் அலுவலகத்தின் பெயர். கருப்பு, சிவப்பு, நீலம் எனப் பல மைகள். வட்டம், நீள்வட்டம், வரிகள் மட்டும் எனப் பல வடிவங்கள்.

இரண்டாவது, வட்டி முத்திரை. ரிச்மண்ட், அகஸ்டா, சார்ல்ஸ்டன், சவானா, மொபைல், மான்ட்கோமரி, ராலே போன்ற ஊர்ப் பெயர்களுடன் வரும். இவைதான் மிகச் சாதாரணம். சாதாரணம் என்று ஒதுக்க வேண்டாம். ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கும்போதுதான் ஓர் அலுவலகம் முத்திரையை எப்போது மாற்றியது, எந்த மையை வைத்திருந்தது என்பது தெரியவரும்.

மூன்றாவது, ராணுவ அதிகாரிகளின் கையெழுத்துக் குறிப்பு. இந்தத் துறையின் உயிர் இதில்தான். வெளியிட்டதைச் சொல்லும் ஒரு சொல், தேதி, பெயர், பதவிச் சுருக்கம். சிலவற்றில் ஊர் அல்லது படைப்பிரிவும் இருக்கும்.

நான்காவது, தனியார் குறிப்புகள்: கை மாறியபோது இட்ட கையெழுத்து, வங்கியின் பெயர், இறந்தவரின் சொத்தை நிர்வகித்தவரின் குறிப்பு, நீதிமன்ற எழுத்தரின் குறிப்பு. இவற்றுக்கு விலை குறைவு. ஆனால் ஊர் தெரிந்தால் நோட்டு எங்கே போய் நின்றது என்று காட்டும்.

போருக்குப் பின் எழுதியவற்றைத் தனியாக வையுங்கள். வட மாநிலச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக எடுத்துப்போய் எழுதிய வரிகள், விளம்பரங்கள், தோற்ற நாட்டுக்கு எழுதிய இரங்கற்பா எல்லாம் பின்புறத்தில் வரும். சுவையானவைதான், ஆனால் அவை வெளியீட்டின் பகுதி அல்ல.

படிப்பது எப்படி

கண்ணால் முட்டி மோதுவதற்கு முன் ஸ்கேன் எடுங்கள். இரு பக்கமும் 600 டிபிஐ, முழு வண்ணம், தானியங்கித் திருத்தம் எதுவுமில்லாமல். பிறகு எந்தப் பட மென்பொருளிலும் சிவப்பு, பச்சை, நீல அடுக்குகளைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். அக்கால எழுத்துமை இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்தது. ஆண்டுகள் போகப் போகப் பழுப்பாக மங்கும். மங்கிய பழுப்பு எழுத்து நீல அடுக்கில் தான் நன்றாகக் கறுத்துத் தெரியும். எழுத்தின்மேல் சிவப்பு முத்திரை விழுந்து மறைத்திருந்தால் சிவப்பு அடுக்குக்குப் போங்கள்: முத்திரை ஏறக்குறைய மறைந்துவிடும், எழுத்து நிற்கும். முத்திரையைத் தான் படிக்க வேண்டும் என்றால் பச்சை அடுக்கு. நீல முத்திரைக்கு இதற்கு நேர்மாறு. சிவப்பு அடுக்கில் தேடுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டுமே, படிக்க முடியாது என்று விற்பவர் கைவிட்ட பல குறிப்புகளைத் திறந்துவிடும்.

எழுத்து வடிவத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இரட்டை எஸ். அக்காலத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு எஸ்ஸில் முதலாவதை மேலும் கீழும் நீட்டி எழுதினார்கள். அது எஃப் மாதிரி அல்லது பி மாதிரி தெரியும். வெளியிட்டதைக் குறிக்கும் சொல்லிலேயே இரட்டை எஸ் இருப்பதால் தொடங்குகிறவர்கள் அதை ஒரு ஆளின் பெயராகப் படித்துவிடுகிறார்கள். பெரிய ஐ-யும் ஜே-யும் பலர் கையில் ஒன்றுபோல் இருக்கும். கோட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஜே. முதற்பெயர்கள் சுருங்கி வரும்: ஜே-என்-ஓ என்றால் ஜான், டபிள்யூ-எம் என்றால் வில்லியம், ஜே-ஏ-எஸ் என்றால் ஜேம்ஸ், சி-எச்-ஏ-எஸ் என்றால் சார்ல்ஸ், டி-எச்-ஓ-எஸ் என்றால் தாமஸ்.

பெயரைவிட முதலில் பதவிச் சுருக்கத்தைப் பிடியுங்கள். அது தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். க்யூ.எம். என்றால் குவார்ட்டர்மாஸ்டர்; உடை, வண்டி, குதிரை, சம்பளப் பட்டுவாடா இவர் பொறுப்பு, வழக்கமாக மேஜர். ஏ.க்யூ.எம். அவருக்கு உதவியாளர், வழக்கமாகக் கேப்டன். ஏ.ஏ.க்யூ.எம். தற்காலிகமாக அந்த வேலை பார்த்தவர், பெரும்பாலும் லெப்டினன்ட். சி.எஸ். என்று மேஜர் பதவிக்குப் பின் தனியாக வந்தால் உணவு வழங்கும் கமிசரி, ஏ.சி.எஸ். அவரது உதவியாளர். கடைசியில் சி.எஸ்.ஏ. என்றோ பி.ஏ.சி.எஸ். என்றோ வருவது படையின் பெயர், பதவி அல்ல. ஏ.சி.எஸ்-ஐயும் பி.ஏ.சி.எஸ்-ஸின் வால் பகுதியையும் குழப்பிக்கொண்டு, குவார்ட்டர்மாஸ்டர் ஒருவரைக் கமிசரிகளின் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது.

தேதிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பது

பின்புறக் குறிப்புள்ள ஒரு நோட்டில் வழக்கமாகக் குறைந்தது இரண்டு தேதிகள் இருக்கும். அவை தமக்குள் பொருந்த வேண்டும்.

வெளியீட்டுத் தேதி முன்பக்கத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. இது முதல் விதி. முந்தியதாகத் தெரிந்தால் முதலில் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள்: 1862-இன் கடைசி எண்ணும் 1863-இன் கடைசி எண்ணும் அவசரக் கையெழுத்தில் மயங்கும். அக்டோபருக்கும் ஆகஸ்டுக்கும் சுருக்கம் மயங்கும். ஜனவரியில் பழைய ஆண்டையே பழக்கத்தில் எழுதிய எழுத்தரும் உண்டு. இவை எதுவும் பொருந்தாவிட்டால் குறிப்பைச் சந்தேகியுங்கள்.

வட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1862 நவம்பர் 3-இல் வெளியான நோட்டுக்கு 1863 ஜனவரி 1 வரை 59 நாள், ஆக 1 டாலர் 18 சென்ட். பின்புற ஓரத்தில் பென்சிலில் ஒரு தொகை இருந்தால் அதோடு ஒப்பிடலாம். 1863 முத்திரை இல்லாமல் 1864 முத்திரை மட்டும் இருந்தால் இரண்டு விளக்கம்: நோட்டு 1863-இல்தான் வெளியானது, அல்லது வைத்திருந்தவர் இரண்டு தவணையையும் சேர்த்து வாங்கினார். வெளியீட்டுக் குறிப்பு அழிந்துபோன நோட்டில் இது ஒரு துப்பு, முடிவு அல்ல.

பிறகு ஊர். போரின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸ் 1862 ஏப்ரல் இறுதியிலேயே வட படையிடம் விழுந்துவிட்டது. இந்த நோட்டுகளில் மிக முந்தியதே மே 5. ஆக நியூ ஆர்லியன்ஸ் வெளியீட்டு முத்திரை என்று யாராவது காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம். மெம்பிஸ் 1862 ஜூன் 6, விக்ஸ்பர்க் 1863 ஜூலை 4, நாக்ஸ்வில் 1863 செப்டம்பர் தொடக்கம், அட்லாண்டா 1864 செப்டம்பர் 2, சவானா 1864 டிசம்பர் 21, கொலம்பியா 1865 பிப்ரவரி 17, சார்ல்ஸ்டன் அதற்கு மறுநாள், ரிச்மண்ட் 1865 ஏப்ரல் 3, மொபைலும் மான்ட்கோமரியும் ஏப்ரல் 12. விக்ஸ்பர்க்கில் 1862 இறுதியில் கொடுத்ததாக ஒரு கேப்டன் எழுதியிருப்பது இயல்பு. விக்ஸ்பர்க்கில் 1864 ஜனவரி 1 வரை வட்டி கொடுத்ததாக முத்திரை இருந்தால், கொடுக்க அங்கே கான்ஃபெடரேட் ஆள் எவரும் இல்லை.

விக்ஸ்பர்க்கும் ஐந்து நாள் கழித்து போர்ட் ஹட்சனும் விழுந்தபின் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த பகுதி ரிச்மண்டிலிருந்து துண்டாயிற்று. 1864-இல் டெக்சஸின் மார்ஷல் நகரில் பீட்டர் கிரே தலைமையில் தனிக் கருவூல முகமை வைத்தார்கள். மேற்குப் பகுதியில் மறுபடி வெளியிட்டதைக் குறிக்கும் முத்திரைகளைச் சேகரிப்பாளர்கள் தனிப் பிரிவாகவே பார்க்கிறார்கள், விலையும் ஏறும். விலை ஏறுகிற இடம் என்பதால் ஒப்பிட ஐயமற்ற ஒரு மாதிரி கிடைக்கும்வரை அதில் கை வைக்க வேண்டாம்.

கையெழுத்துக்கு உரியவரைக் கண்டுபிடிப்பது

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் 109-ஆம் ஆவணத் தொகுதி கான்ஃபெடரேட் ராணுவக் காகிதங்களுக்கானது. அதில் இரண்டு மைக்ரோஃபிலிம் வரிசைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எம்-331, தளபதிகள், ஸ்டாஃப் அதிகாரிகளின் பணிக் கோப்புகள்; குவார்ட்டர்மாஸ்டர்களும் கமிசரிகளும் இதில்தான் பெயரின் அகரவரிசையில் இருப்பார்கள். எம்-346, குடிமக்களும் வணிக நிறுவனங்களும் அரசுக்கு விற்ற பொருள்களின் ரசீதுகள். ஃபோல்ட்3 என்ற இணையதளத்தில் கட்டணம் கட்டி வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வேலை நடக்கும் வரிசை இது. நோட்டில் பெயர் அரைகுறையாகப் படிகிறது, பதவி ஏ.க்யூ.எம். என்று தெளிவாக இருக்கிறது, தேதி 1862 டிசம்பர் என்று வையுங்கள். முதலில் உறுதியான எழுத்துகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஐயமான எழுத்துக்குப் புள்ளி. எம்-331-இல் அந்த எழுத்துகளுக்குப் பொருந்தும் பெயர்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொருவரின் கோப்பிலும் நியமனத் தேதியைப் பாருங்கள்: 1863 மார்ச்சில் கேப்டனானவர் 1862 டிசம்பரில் அந்தப் பதவியோடு கையெழுத்திட்டிருக்க முடியாது. மிஞ்சியவர்களின் கோப்பில் அவரே கையொப்பமிட்ட சம்பள ரசீது, சரக்குக் கோரிக்கை, கடிதம் ஆகியவற்றைத் தேடி எடுத்து, நோட்டின் ஸ்கேனோடு பக்கத்துப் பக்கம் வைத்து ஒப்பிடுங்கள். முழுக் கையெழுத்தையும் பார்த்து 'ஒத்துப்போகிறது' என்று திருப்தியடைய வேண்டாம். பெரிய எழுத்துகள் தொடங்கும் விதம், பெயருக்கும் பதவிக்கும் நடுவே உள்ள குறியை எழுதும் விதம், கடைசி எழுத்திலிருந்து இழுக்கும் கோடு, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். பெயரை அலுவலக எழுத்தர் எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்போது கையெழுத்து பொருந்தாது, ஆனால் பெயர், பதவி, இடம், நாள் பொருந்தும். இதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

எம்-331-இல் ஆளே இல்லையென்றால் இரண்டு காரணம் சாதாரணம். ஒன்று, அவர் ஒரு ரெஜிமென்ட்டோடு இணைந்தவர். கோப்பு அந்த ரெஜிமென்ட்டின் மாநில வரிசையில் இருக்கும். இன்னொன்று, பெயரின் முதல் எழுத்தையே தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

எம்-346-இன் ரசீதுகள் வேறு விதத்தில் உதவும். பணம் பெற்றவர், இன்ன கேப்டனிடமிருந்து, இன்ன ஊரில், இன்ன பொருளுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். உங்கள் நோட்டின் தேதிக்கு ஒன்றிரண்டு நாள் அக்கம்பக்கத்தில் அதே அதிகாரி எந்த ஊரில் எதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்துவிடும்: மக்காச்சோளம், வண்டிச் சக்கரம், குதிரைத் தீவனம்.

அடிமைகளின் வேலைக்கான பட்டியலும் அதே காப்பகத்தில் உண்டு. கோட்டை, அகழி வெட்ட உரிமையாளர்களிடமிருந்து அடிமைகளை ராணுவம் வாடகைக்கு எடுத்தது. ஆயிரக்கணக்கான சம்பளப் பட்டியல்கள் டிஜிட்டலாகியிருக்கின்றன. அதில் வேலை செய்தவரின் பெயர் ஒரு பத்தியில், பணத்தை வாங்கிக்கொண்ட உரிமையாளரின் பெயர் இன்னொரு பத்தியில். நோட்டின் முன்பக்கத்தில் முகமில்லாமல் கொத்திக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது. உங்கள் அதிகாரி அத்தகைய பட்டியலுக்குப் பணம் கொடுத்தவராக வந்தால் அந்தப் பெயர்களையும் நோட்டின் பதிவில் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பணம் எதற்காக ஓடியது என்பதை மறைத்துவிட்டுச் செய்யும் சேகரிப்பு அரைகுறையானது.

பின்னால் சேர்த்த குறிப்புகள்

நோட்டு அசல், குறிப்பு போலி. இதுதான் இங்கே உள்ள முக்கிய ஆபத்து. வெற்றுப் பின்புறமுள்ள சாதாரண டி-41-இல் பெயரெடுத்த ஒருவரின் கையெழுத்தைச் சேர்த்தால் விலை பல மடங்காகும். போர்த் தளபதிகளின் பெயர் வெளியீட்டுக் குறிப்பாக வந்தால் உடனே ஒதுங்குங்கள். பணம் பட்டுவாடா செய்தவர்கள் குவார்ட்டர்மாஸ்டரும் கமிசரியும்.

மடிப்பு மிகச் சிறந்த சாட்சி. பத்து மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில், எழுத்து மடிப்பைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். நோட்டு தட்டையாக இருந்தபோது எழுதி, பிறகு மடித்துப் புழங்கியிருந்தால் கோடு மடிப்பின் முகட்டில் தேய்ந்து அறுந்திருக்கும். அறுந்த இடத்தில் வெள்ளை நார் தெரியும். மடிந்து நைந்த தாளின்மேல் பிறகு எழுதியிருந்தால் மை உடைந்த நார்களுக்குள் இறங்கி, மடிப்பின் நீளத்துக்கு இருபுறமும் சிறு முட்கள் போலக் கசிந்திருக்கும். அழுக்கையும் இதேபோல் பாருங்கள்: மையின் மேல் அழுக்கு படிந்திருக்க வேண்டும், அழுக்கின் மேல் மை அல்ல.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் அக்கால மை கருமையாகவே நிற்கும். நோட்டின் தாள் கந்தல்துணிக் கூழில் செய்தது, மங்கலாகத்தான் தெரியும். தாளே பளிச்சென்று நீலவெள்ளையாக மின்னினால் அதில் இருபதாம் நூற்றாண்டின் வெளுப்பூட்டி இருக்கிறது, நோட்டே நகல். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் டி-41 பலவற்றில் சி.எஸ்.ஏ. நீரோட்டக்குறி தெரியும், நகலில் வராது. 1950-களில் பரிசுப்பொருளாகவும் சுற்றுலாக் கடைகளிலும் பரவிய நகல்கள் மஞ்சளாக்கிய மொடமொடப்பான தாளில் இருக்கும். எண்ணும் கையெழுத்தும்கூட அச்சாகவே இருக்கும். அசலில் அவை பேனாவால் எழுதியவை, தாளில் சற்று ஊறியிருக்கும்.

முத்திரைக்கு ஓரத்தைப் பாருங்கள். ரப்பர் முத்திரை அமெரிக்காவில் பரவியது போருக்குப் பிறகு. உலோக, மர முத்திரையில் மை எழுத்தின் நடுவிலும் ஓரத்திலும் சீரற்று விழும், சில இடத்தில் தாள் லேசாக அழுந்தியிருக்கும். எழுத்து முழுவதும் ஒரே மென்மையான படிவாக, நெளிந்த ஓரத்தோடு இருந்தால் கேள்வி கேளுங்கள்.

வாங்கும்போதும் பிறகும்

விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: முன், பின், பக்கவாட்டு வெளிச்சத்தில் பின்புறம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது. கடைசிப் படம் ஒட்டுவேலையையும் குண்டூசி ஓட்டைகளையும் காட்டிவிடும். தரநிர்ணய நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது என்பதற்காகக் குறிப்பும் உறுதியானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் முதன்மையாக நோட்டின் வகையையும் நிலையையும் சொல்கிறார்கள். கையெழுத்து யாருடையது என்று உறைச்சீட்டில் எழுதியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இந்தத் துறையில் கசங்கிய நோட்டில் தெளிவான குறிப்பு, மொடமொடவென்ற நோட்டில் மங்கிய குறிப்பைவிட மேல். அதற்கு ஏற்ப விலை கொடுங்கள்.

தொடங்க ஒரு திட்டம் வேண்டுமென்றால்: முதலில் நான்கு ஊர்களின் வட்டி முத்திரையுள்ள டி-41, அடுத்து ஒரு டெபாசிட்டரி முத்திரை, பிறகு பதவி தெளிவாகவும் பெயர் அரைகுறையாகவும் உள்ள ஒரு ராணுவக் குறிப்பு. பெயர் முழுதாகத் தெரிந்து விற்பனைக்கு வருவதில் கண்டுபிடிப்புக்கான விலையை வேறொருவர் ஏற்கெனவே சேர்த்திருப்பார்.

நனைக்காதீர்கள், அழிக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். இரும்பு மை ஈரம் பட்டால் பரவி, தாளை அரிக்கும். பழைய நோட்டுகளில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுவது இதனால்தான். பி.வி.சி. உறையும் வேண்டாம்; அது காலப்போக்கில் பிசுபிசுத்து மையைப் பிடித்து இழுக்கும். தெளிந்த பாலியெஸ்டர் உறை, அமிலமற்ற அட்டை, இருட்டு, 35 முதல் 50 சதவீத ஈரப்பதம். கடலோரக் காற்றில் மூடிய பெட்டிக்குள் சிலிகா ஜெல்லும் சிறு ஈரமானியும் வையுங்கள்.

பதிவேட்டில் ஒரு நோட்டுக்கு ஒரு வரி: டி-எண், வரிசை எண், அச்சுத் தட்டைக் குறிக்கும் எழுத்து, முன்பக்கத் தேதி, முன்பக்கம் கையொப்பமிட்ட எழுத்தர்கள், வெளியீட்டுத் தேதி, ஊர், முத்திரையின் சொற்கள் வரி பிரித்து, அதன் நிறம், மில்லிமீட்டரில் அளவு, நிமிர்ந்தா தலைகீழா என்பது, கையெழுத்தின் வாசிப்பு, வாசிப்புக்கு ஆதாரமான கோப்பு எண். வாசிப்புக்கு இரண்டு பத்தி வையுங்கள்: கண்ணில் பட்டதை எழுத்துக்கு எழுத்து ஒன்றில், அது இன்னார் என்ற உங்கள் முடிவு மற்றதில். முடிவு நாளை மாறலாம். முதல் பத்தியைத் திருத்தவே கூடாது, புதிய ஸ்கேனில் வேறு எழுத்து தெரிந்தால் தேதி போட்டுக் கீழே சேர்க்க வேண்டும்.